நீலகிரியில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? பத்திரம் முதல் வரி வரை ஒரு வழிகாட்டி

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு வீட்டை வாங்கிப் போட்டு வாடகை பார்க்கலாம் என்று வருபவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் மலையேறுகிறார்கள். அப்போது சுவர் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு புதிதாக அடித்திருக்கும், வாசலில் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். அதே வீட்டை ஐப்பசி மழையில் பார்த்தால் பின்சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறியிருக்கும், அலமாரிக்குள் பூஞ்சணம் வாடை அடிக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பாருங்கள். ஊட்டிக்கு மேற்கே, நடுவட்டம், கூடலூர் என்றால் ஆடியில் பாருங்கள். மழையில் ஒருமுறை பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பத்திரம், கடன், பழுதுபார்ப்பு, வரி என்ற நான்கையும் தனித்தனி வேலையாக நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. வீட்டை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற ஒரே கேள்விக்கான பதில்தான் இந்த நான்கையும் முடிவு செய்கிறது.

மாத வாடகையா, நாள் வாடகையா

மாத வாடகைக்கு மலையில் நிலையான ஆட்கள் உண்டு. வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியைச் சுற்றி வாழ்பவர்கள், அருவங்காடு தொழிற்சாலை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி, மருத்துவமனை ஊழியர்கள் என்று சொல்லலாம். வாடகை குறைவுதான். ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும், வேலையும் குறைவு.

நாள் வாடகை, அதாவது காட்டேஜ், ஹோம்ஸ்டே என்று விடுவது வேறு தொழில். சீசனில் அள்ளும், ஆடியில் காயும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். சீசன் வருமானத்தைக் கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 6 அறை, 12 படுக்கைதான் உச்சம். அதோடு உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு மலை வீட்டைக் காவல்காரர் பொறுப்பில் நாள் வாடகைக்கு விடுவது ஹோம்ஸ்டே ஆகாது. அனுமதியில்லாமல் இயங்கிய காட்டேஜ்களுக்குச் சீல் வைப்பது இங்கே புதிதல்ல.

முதல் வீடு வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது மாத வாடகைதான். கீழே உள்ளவை பெரும்பாலும் அதை வைத்தே எழுதப்பட்டவை. நாள் வாடகைக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறோம்.

பத்திரம்: சமவெளியில் கேட்காத கேள்விகள்

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுப்பது, தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி பார்ப்பது, பட்டா யார் பெயரில் என்று பார்ப்பது எல்லாம் எந்த ஊரிலும் செய்ய வேண்டியவை. மலையில் அதற்கு மேல் சில உண்டு.

நிலத்தின் வகையை அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் குறிக்கும் வருவாய்ப் பதிவேட்டில் பாருங்கள். நகரத்துக்குள் என்றால் டவுன் சர்வே பதிவேட்டில் பாருங்கள். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. பட்டியலில் அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்று வருவாய், வனத் துறைகளில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜென்ம நிலப் பிரச்சினை இருக்கிறது, அதாவது முன்பு பரம்பரை உரிமையாளர்களிடம் இருந்த நிலம். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் இன்னும் தீராத நிலங்களில் வீடு நிற்கும், ஆள் குடியிருப்பார், ஆனால் செல்லுபடியாகும் உரிமை கைமாறாது. மசினகுடி, பொக்காபுரம், சிகூர் பக்கம் யானை வழித்தடம். அதை அறிவித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று தீர்ப்பளித்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். பஞ்சமி நிலமும், நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலமும் அப்படித்தான், எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை அழியாது.

ஹட்டிகளை (படுகர் ஊர்களை) ஒட்டிய இடங்களில் கூட்டுப் பட்டா சகஜம். அண்ணன், தம்பி, சித்தப்பா என்று ஆறு பெயர் இருக்கும், ஒருவர் விற்க வருவார். உட்பிரிவு செய்து, புல வரைபடத்தில் தனி எண் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். ‘பத்திரம் முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். வங்கியும் ஏற்காது.

மனையாக வாங்கினால், அனுமதியில்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு முதன்முறையாக விற்கப்பட்டதா என்று பாருங்கள். அந்தத் தேதிதான் வரன்முறைக்கான, அதாவது அனுமதியில்லாததை முறைப்படுத்துவதற்கான கோடு. ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமமா என்பதும் முக்கியம், கட்டட அனுமதியின் பாதை அதைப் பொறுத்தே போகும்.

கட்டட வரைபட அனுமதியின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ சான்றிட்ட நகல் எடுக்கச் சொல்லுங்கள். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்ற வரம்பு நெடுங்காலமாக இருந்து வருகிறது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் சரிவில் மூன்று மாடி என்று நிற்கும் வீடுகளில் கீழ்மாடி இரண்டும் அனுமதியில் இல்லாமல் இருப்பது உண்டு.

கடைசியாக வழியும் தண்ணீரும். சாலை மேலே, வீடு கீழே, நடுவில் பக்கத்து வீட்டாரின் படிக்கட்டு என்றால் அந்தப் பாதை உரிமை பத்திரத்தில் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊற்றிலிருந்து குழாய் வந்தால் அது யார் நிலத்தின் வழியாக வருகிறது என்று கேளுங்கள். நகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை, சில நாட்களுக்கு ஒருமுறைதான். வெயில் காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அண்டை வீட்டில் விசாரியுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி இங்கே துளையிட முடியாது.

பணம்: கையில் எவ்வளவு வேண்டும்

வீட்டுக் கடனில் வங்கி எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்சவரம்புதான், மலைச் சொத்துக்கு வங்கி இதைவிடக் குறைவாகத் தருவதே வழக்கம். வங்கிப் பொறியாளர் அனுமதி பெற்ற பரப்புக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவார். அனுமதியில்லாத கீழ்மாடியின் மதிப்பு அவர் கணக்கில் சுழியம். பழைய வீடு என்றால் கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று அவர் எழுதும் எண் உங்கள் தவணைக் காலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஓட்டு வீடு, மண் சாந்தில் கட்டிய கருங்கல் வீடு என்றால் இங்கேதான் கடன் நிற்கும். தேயிலைத் தோட்டத்தோடு சேர்ந்த வீட்டில், தோட்டத்துக்கு வீட்டுக் கடன் கிடைக்காது.

60 லட்ச ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் 4,20,000, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 1,20,000, ஆக 5,40,000. அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 60 லட்சத்தைவிட அதிகமென்றால் அதன்மேல்தான் கட்ட வேண்டும். இந்தச் செலவு கடனில் சேராது, கைப்பணம்தான். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்ற 2025 ஏப்ரல் சலுகை 10 லட்சம் வரையான சொத்துக்குத்தான், இந்த வீட்டுக்குப் பொருந்தாது. வங்கி 45 லட்சம் தருகிறது என்றால் உங்கள் பங்கு 15 லட்சம். பழுதுபார்ப்புக்குப் பத்து லட்சம் தனியே எடுத்து வையுங்கள். வழக்கறிஞர், வங்கிக் கட்டணம், எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு), மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் 32 லட்சம் கையில் இல்லாமல் இந்த வீட்டைத் தொடக் கூடாது.

45 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 39,050 ரூபாய். வாடகை 15,000 வந்தால் மாதம் 24,000 சம்பளத்திலிருந்து போகும். இதைப் பார்த்தும் வாங்கத் துணிந்தால் சரி. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது. அதனால் கிடைக்கும் போனஸை அசலில் போடுங்கள், முதல் ஐந்து ஆண்டில் போடும் பணத்துக்குத்தான் பலம் அதிகம்.

நாள் வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் வங்கியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அது வணிகக் கடனாகும், வட்டி கூடும், தவணைக் காலம் குறையும். குடியிருப்புக்கு என்று கடன் வாங்கிவிட்டுக் காட்டேஜ் பலகை மாட்டினால் கடன் நிபந்தனையை மீறியதாகும்.

பணம் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முன்பணமாக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாறக் கூடாது, அந்த ரொக்கத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழும். விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால் இரண்டில் பெரிய தொகைக்கு 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) கணக்கிட்டு, விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் பான் எண்ணை வைத்து நீங்கள்தான் கட்ட வேண்டும். நமது 60 லட்ச வீட்டில் 60,000. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது, பிடிக்க வேண்டிய தொகை பல மடங்கு. குன்னூரில் பழைய பங்களாக்களின் வாரிசுகள் பலர் வெளிநாட்டில் இருப்பதால், விற்பவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். பிடிக்க மறந்தால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

விலையைக் குறைத்து எழுதலாம் என்ற பேச்சும் வரும். வழிகாட்டி மதிப்புக்கும் எழுதிய விலைக்கும் உள்ள வித்தியாசம், எழுதிய விலையில் 10 சதவீதம், 50,000 ரூபாய் இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டினால், முழு வித்தியாசமும் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். அதோடு, நாளை விற்கும்போது குறைத்து எழுதிய அந்த விலைதான் உங்கள் வாங்கிய விலை.

பழுதுபார்ப்பு: முதலில் தண்ணீர், கடைசியில் பெயின்ட்

இங்கே வீட்டைக் கெடுப்பது தண்ணீர்தான். அது மூன்று வழியில் வரும்: மேலே கூரையிலிருந்து, பின்னால் மண்மேட்டிலிருந்து, உள்ளே குளிர்ந்த சுவரில் வியர்வையாக. எது என்று தெரியாமல் செலவு செய்தால் பணம் போய்விடும், ஓதம் அப்படியே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 60 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்தால் சுவர் வழியாக வருகிறது. வெளிப்பக்கம் முத்துமுத்தாக நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டாம், சன்னலும் வெளியேற்றும் விசிறியும் போதும்.

பின்பக்கத் தடுப்புச் சுவரைப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், படிக்கட்டுபோல் விரிசல் ஏறியிருந்தால், மேலே வேலிக் கம்பங்கள் சாய்ந்திருந்தால் மண் நகர்கிறது என்று பொருள். இங்குள்ள சிவந்த களிமண் காய்ந்தால் கல்போல் நிற்கும், நீர் குடித்தால் எடை கூடிப் பிடிப்பை இழக்கும். சுவரைத் தள்ளுவதில் பெரும் பங்கு பின்னால் தேங்கும் நீருக்குத்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் நடந்த மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு பெய்த மழை மறுபடியும் பெய்யாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

சுவர் நன்றாக இருந்து கசிவுத் துளை மட்டும் இல்லையென்றால், 75 முதல் 100 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். புதிதாகக் கட்டினால் சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிதுணி விரிக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் களிமண் இறங்கித் துளை அடைபடும். மேஸ்திரிகள் பலர் ஜல்லிக்குப் பதில் தோண்டிய மண்ணையே திருப்பிக் கொட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கருங்கல் சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 3 மீட்டரைத் தாண்டினால் மேஸ்திரி கணக்கு போதாது, பொறியாளர் வரைந்து கையெழுத்திட வேண்டும். மேட்டின் உச்சியில், வெட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால் போட்டு மழைநீரைச் சுவருக்கு வராமல் திருப்பினால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கூரை நீரும் லேசுப்பட்டதல்ல. 1,000 சதுரடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். அந்த நீர் ஓட்டின் ஓரத்திலிருந்து நேரே சரிவில் விழுந்தால் உங்கள் அடித்தளத்தையும் கீழ்வீட்டாரின் சுவரையும் அரிக்கும். தகடு வைத்து வாங்கி, குழாயில் இறக்கி, முதலில் தொட்டிக்கும் மிச்சத்தைப் பொது வாய்க்காலுக்கும் விடுங்கள். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் தண்ணீர் வராத வாரங்களில் வாடகைக்காரர் உங்களைப் போனில் அழைக்க மாட்டார். கழிவுநீர் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவரின் தலையில் வைக்கவே கூடாது. இடம் இல்லையென்று அங்கேதான் வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும் வீடுகளில் குறுக்கே ஒரு நேர்விரிசல் விழும். நிரப்பிய பக்கம் தாழ்ந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. விரிசலின் இருபுறமும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி ஒரு மழைக்காலம் பாருங்கள். அகலவில்லையென்றால் அடைத்துப் பூசலாம். அகன்றால் அடித்தளத்தைப் பார்க்காமல் பூசுவது வீண்.

பழைய பங்களா என்றால் சுவர் சுண்ணாம்புக் காரையில் இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றி உள்பக்கம் திரும்பும், இரண்டு ஆண்டில் பூச்சு பாளம்பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சுண்ணாம்புதான். பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம், வெள்ளையடிப்பது போதும். மரத்தரைக்குக் கீழே காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் துளைகளை எலி வருகிறது என்று அடைத்து வைத்திருப்பார்கள். கம்பிவலை போட்டுத் திறந்து விடுங்கள், தரை பிழைக்கும்.

கான்கிரீட்டில் ஒரு விஷயம் சமவெளி மேஸ்திரிக்குத் தெரியாது. தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு ஏழு நாளில் அடியில் கொடுத்த முட்டுக் கம்புகளை எடுக்கலாம், அதற்கு மேல் பதினான்கு நாள் என்ற இந்தியத் தரக் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. ஊட்டியில் இரவு அதற்குக் கீழேதான். ஆகவே முட்டுக் கம்புகளை இன்னும் ஒரு வாரமாவது விட்டு வையுங்கள். மூடுபனி இருக்கிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்வார்கள். ஜனவரியில் பகல் வெயிலும் காற்றும் தளத்தை உலர்த்திவிடும், ஈரச் சாக்கு போட்டே ஆக வேண்டும்.

வேலைக்கு ஏற்ற காலம் பொங்கல் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. பிறகு சீசன் வந்தால் சரக்கு லாரிக்கு நேரக் கட்டுப்பாடு, அதன் பின் மழை. சாலையிலிருந்து வீட்டுக்கு 80 படி என்றால் மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாவற்றுக்கும் சுமைக்கூலி தனி. மதிப்பீடு வாங்கும்போது பொருள் ‘வேலை நடக்கும் இடத்தில்’ என்று எழுதி வாங்குங்கள், ‘சாலையில்’ என்று எழுதினால் கூலி உங்கள் தலையில்.

அறை கூட்டுவது, கூரையை உயர்த்துவது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். மண் வெட்ட ஜே.சி.பி. இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் வாசலில் நிற்கும் மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்காமல் வெட்டக் கூடாது. வீட்டின்மேல் சாய்கிறது என்றால் புகைப்படத்தோடு மனுக் கொடுங்கள்.

உள்ளே செய்பவை எளிது. அலமாரிக்கு நீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர ஒட்டுப்பலகை போடுங்கள், மரத்தூள் பலகை ஒரே மழையில் உப்பிவிடும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி வையுங்கள். பழைய 5 ஆம்பியர் வயரிங்கில் கீசரும் ஹீட்டரும் போட்டால் எரியும். 3 கிலோவாட் கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக, மொத்த வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

வாடகைக்கு விடுதல்

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி நகர்ப்பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 90 நாளுக்குள் வாடகை அலுவலரிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. மலை வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: மழைக்காலத்துக்கு முன் கூரை ஓடு, தகடு, வாய்க்கால் ஆகியவற்றைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று. உரிமையாளர் பொறுப்பில் வைத்துக்கொள்வதே நல்லது. வாடகைக்காரர் மறந்தால் கெடுவது உங்கள் சுவர்.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் நகராட்சிகளில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கும்.

வருமான வரி

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை இங்கே தரவில்லை, கணக்கின் அடிப்படையை மட்டும் சொல்கிறோம்.

ஆண்டு வாடகையிலிருந்து, அந்த ஆண்டில் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழியுங்கள். மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று சட்டமே கழித்துவிடும். அதற்குமேல் கடன் வட்டி. அவ்வளவுதான், வேறு எதுவும் கழியாது. தடுப்புச் சுவருக்கு நீங்கள் நான்கு லட்சம் செலவழித்தாலும் அந்த 30 சதவீதம்தான், ஒன்றுமே செலவழிக்காதவருக்கும் அதே 30 சதவீதம்தான். பழுது அதிகமான மலை வீட்டுக்கு இது பாதகமான விதி. ஆனால் பழுதுபார்க்க, புதுப்பிக்க என்று வாங்கிய கடனின் வட்டி, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு முழுதாகக் கழியும். ஆகவே பழுதுபார்ப்புக்குக் கடன் வாங்குவதானால், தனிநபர் கடனாக இருந்தாலும், பணம் நேரே ஒப்பந்ததாரர் கணக்குக்கும் கடைக்கும் போனதற்கான தடயம் இருக்கும்படி செய்யுங்கள்.

நம் 60 லட்ச வீட்டின் முதல் ஆண்டுக் கணக்கு இது. வாடகை 1,80,000. சொத்து வரி 6,000 போக 1,74,000. அதில் 30 சதவீதம் 52,200 போக 1,21,800. வட்டி சுமார் 3,79,000. ஆக நஷ்டம் 2,57,200. பழைய வரி முறையில் இருந்தால் இதில் 2,00,000 வரை சம்பளத்தோடு கழிக்கலாம். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 62,400 ரூபாய் மிச்சம். மீதி 57,200-ஐ எட்டு ஆண்டு வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் கழிக்கலாம். புதிய வரி முறையில் இருந்தால் சம்பளத்தோடு ஒரு ரூபாய்கூடக் கழியாது. ‘வரி மிச்சமாகும்’ என்று சொல்லிக் கடன் வாங்க வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. உங்களுக்கு எந்த முறை லாபம் என்று வாங்கும் முன்பே இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து, இருவரும் பத்திரத்திலும் கடனிலும் இருந்து, இருவர் கணக்கிலிருந்தும் தவணை போனால் வாடகையும் வட்டியும் பங்கு பிரியும், பழைய முறையில் அந்த 2,00,000 வரம்பு ஆளுக்கு ஒன்று. வருமானமில்லாத மனைவி பெயரில் கணவர் பணத்தில் வாங்கினால் வாடகை கணவர் வருமானத்தில்தான் சேரும்.

வீட்டை வாடகைக்கு விடாமல் கோடைக்கு வந்து தங்க மட்டும் வைத்திருந்தால், சொந்தக் குடியிருப்பாக இரண்டு வீடு வரை காட்டலாம், கற்பனை வாடகைக்கு வரி இல்லை. வீட்டோடு சிறு தேயிலைத் தோட்டம் இருந்து பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுத்தால் அது விவசாய வருமானம். வரி இல்லை, ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டினால் உங்கள் வரி விகிதத்தைக் கணக்கிடச் சேர்த்துக்கொள்வார்கள், படிவத்தில் காட்ட வேண்டும்.

நாள் வாடகையில் சாப்பாடு, சுத்தம், படுக்கை விரிப்பு என்று சேவையோடு நடத்தினால் அது தொழில் வருமானமாகும். அங்கே 30 சதவீதக் கழிவு கிடையாது, அதற்குப் பதில் உண்மையான பழுதுச் செலவு, சம்பளம், மின்சாரம், தேய்மானம் எல்லாம் கழியும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், மாத வாடகையாக வேறு வீட்டில் வரும் பணமும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், நீங்கள் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை (உள்ளீட்டு வரியை) திரும்பப் பெற முடியாது. நீங்கள் பதிவு பெறாதவராக இருந்து முன்பதிவு இணையதளம் மூலம் அறை போனால், அந்த வரியை இணையதளமே கட்டும்.

விற்கும் நாளுக்கான கோப்பு

வாங்கிய நாளிலேயே ஒரு கோப்பு திறந்து வையுங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 அல்லது அதற்குப் பிறகு வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. அதற்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் குடியிருக்கும் தனிநபருக்கு, சரிக்கட்டலோடு 20 சதவீதமா, இல்லாமல் 12.5 சதவீதமா என்று எது குறைவோ அது. இரண்டிலும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிய விலையோடு சேரும். வீட்டை மேம்படுத்திய செலவும் சேரும். வாடகைக் கணக்கில் கழியாமல் போன தடுப்புச் சுவர், புதுக் கூரை, புதுக் குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இங்கேதான் கைகொடுக்கும். வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது போன்ற சாதாரணப் பழுது சேராது.

அதற்கு ஆதாரம் வேண்டும். உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பில், வங்கி வழியாகப் பணம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம், பொறியாளர் வரைபடம். மேஸ்திரிக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் கொடுக்கும் கூலிக்குப் பில் வராது. வாரச் சம்பளத்தை ஒரே மேஸ்திரியின் வங்கிக் கணக்குக்குப் போட்டு, வேலை விவரத்தோடு அவர் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். மலையில் ஒரு தடுப்புச் சுவரின் செலவில் கல்லைவிடக் கூலியே அதிகமாக இருக்கும், இதை விட்டுவிட்டால் பாதிச் செலவு கணக்கில் வராது.

ஆதாயத்தில் வேறு வீடு வாங்கினால் வரி விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்று இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டு. மலையில் அனுமதி வாங்கவே ஓராண்டு போய்விடும் என்பதால் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் நாளைத் தவறவிடுகிறார்கள். பணத்தை உடனே போட முடியாவிட்டால் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண வைப்புக் கணக்கில் போட்டால் விலக்கு கிடையாது.